பாட்டுப் பதிவுக்கு இனி எந்த மென்பொருள்?

இத்திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, படித்து முடித்தபின் நம்மைச் சற்று நேரம் அப்படியே அமர வைத்துவிட்டது. ஒரு தந்தையார் எழுதியிருக்கிறார். அவருடைய மகளும் மகனும் வீட்டின் பின்னறையில் ஒரு மைக்கையும் ஒரு கீபோர்டையும் கணிப்பொறியோடு இணைத்துக்கொண்டு, 2018-ஆம் ஆண்டு முதல் பாடல்களைப் பதிவு செய்து வந்திருக்கின்றனர். பங்கின் பாடற்குழுவினர் பழகிக்கொள்வதற்கான பதிவுகளும் அந்த அறையில்தான் உருவாகின்றனவாம். இதற்கெல்லாம் அவர்கள் நம்பியிருந்தது 'கேக்வாக் பை பேண்ட்லேப்' என்னும் இலவச மென்பொருள். 2025-இல் அது நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. "பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் சொல்லுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு விலை. எதை வாங்கித் தருவது?" என்று கேட்கிறார் தந்தையார்.

கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. ஆனால் பதிலுக்கு முன்னர் நாமும் அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகப் பதிவான பாடல்கள் இப்போது எங்கே, எந்த உருவில் இருக்கின்றன? கடிதம் முழுவதிலும் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்மை அமர வைத்தது அதுவே. ஏன் என்பதைப் பின்னர் சொல்லுகிறோம்.

இந்தக் கேக்வாக்கின் வரலாறு அறியத்தக்கது. 1987-இல் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் வட்டாரத்தில் கிரெக் ஹெண்டர்ஷாட் என்பவர் 'டுவெல்வ் டோன் சிஸ்டம்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, இம்மென்பொருளை வெளியிட்டார். அக்காலத்தில் அது ஒலியைப் பதிவு செய்யவில்லை. கீபோர்டில் எந்தக் கட்டையை எப்பொழுது, எவ்வளவு அழுத்தமாகத் தொட்டோம் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொண்டது. 'மிடி' என்று சொல்லப்படும் அந்தக் குறிப்பு முறை 1983-இல் பழக்கத்துக்கு வந்தது. பின்னர் குரலையும் கருவியொலியையும் சேர்த்துப் பதியும் ஆற்றல் வந்தது. 2001-இல் 'சோனார்' என்ற பெயரும் வந்தது. 2008-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் பெரும்பங்கை வாங்கிற்று. 2013-இல், கித்தார் செய்வதில் உலகப் புகழ்பெற்ற கிப்சன் நிறுவனத்தின் கைக்கு அது மாறியது.

2016-இல் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. சோனாரின் உயர்ந்த பதிப்பை வாங்குவோருக்கு வாழ்நாள் முழுவதும் புதுப்பித்தல்கள் இலவசம் என்பதே அது. பலரும் மகிழ்ந்து வாங்கினர். அடுத்த ஆண்டே, 2017 நவம்பர் திங்களில், கேக்வாக் பொருள்களின் ஆக்கமும் வளர்ச்சியும் நிறுத்தப்படுவதாகக் கிப்சன் அறிவித்தது. வீட்டு உபயோக ஒலிச் சாதனங்களில் முழுக்கவனம் செலுத்தப் போவதாகக் காரணமும் கூறப்பட்டது. 2018 மே முதல் நாள் கிப்சன் நிறுவனமே கடன் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. வாழ்நாள் என்றபோது யாருடைய வாழ்நாளைக் குறித்தார்கள் என்று வாங்கியவர்கள் கசப்போடு கேட்டிருந்தால் அவர்களை நாம் குறைகூற மாட்டோம்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 2018 பெப்ருவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் கேக்வாக்கின் உரிமைகளை வாங்கி, சில வாரங்களிலேயே அதனை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நம் வாசகரின் பிள்ளைகள் சேர்ந்துகொண்டது அப்போதுதான். 2023-இல் 'கேக்வாக் சோனார்' என்ற புதிய பதிப்பு வரப்போவதாக அறிவித்தார்கள். 2025-இல் பழைய இலவசப் பதிப்புக்கு முடிவு கூறப்பட்டது. அதே ஆண்டில் புதிய சோனாருக்கு இலவசப் படி ஒன்றும் திறக்கப்பட்டது. ஒரே மென்பொருள் இருமுறை நிறுத்தப்பட்டு, இருமுறை வேறு உருவில் எழுந்திருக்கிறது. இப்படிப்பட்ட நல்வாய்ப்பு எல்லா மென்பொருள்களுக்கும் கிடைப்பதில்லை.

'ஸ்டூடியோ விஷன்' என்றொரு மென்பொருள் இருந்தது. கலிபோர்னியாவின் ஆப்கோட் நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. மிடிக் குறிப்பையும் உண்மை ஒலியையும் ஒரே திரையில் இணைத்த முதல் வணிக மென்பொருள் அது என்பர். 1998-இல் ஆப்கோட்டையும் கிப்சன்தான் வாங்கிற்று. அடுத்த ஆண்டே அதன் வளர்ச்சி நின்றது. அதை யாரும் மீட்டெடுக்கவில்லை. இன்னொன்று: ஜெர்மனியின் எமேஜிக் நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கியபோது, அதன் 'லாஜிக்' மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு அவ்வாண்டோடு நிறுத்தப்பட்டது. மென்பொருள் வாழ்ந்தது, விண்டோஸ் கணிப்பொறி வைத்திருந்தவர்கள்தான் வெளியே நின்றார்கள். ஆகவே பெரிய நிறுவனத்தின் பொருள் என்பதோ, அதிக விலை கொடுத்தோம் என்பதோ நமக்குக் காவல் ஆகாது.

இது நிற்க. பாடல்கள் எங்கே என்று ஏன் கேட்டோம்?

பதிவு மென்பொருளில் ஒரு பாடலைச் சேமிக்கும்போது உருவாகும் திட்டக்கோப்பில் பெரும்பாலும் பாட்டு இருப்பதில்லை. கல்யாண வீட்டுச் சமையற்காரர் தமக்காக ஒரு தாளில் கிறுக்கி வைத்துக்கொள்ளும் குறிப்பைப் போன்றது அது. இந்தக் குரல் துண்டை இத்தனையாவது வினாடியில் வை, இதன் ஒலியைச் சற்றுக் குறை, இங்கே எதிரொலி சேர், இந்தச் சுரங்களை இன்ன பியானோவின் ஒலியில் வாசி என்ற கட்டளைகளே அதில் இருக்கும். குரல் துண்டுகள் வேறொரு கோப்புறையில் கிடக்கும். பியானோவோ எங்கும் பதிவாகியே இராது. ஒவ்வொரு முறையும் மென்பொருள்தான் அதை வாசித்துக் காட்டும். சமையற்காரர் இருக்கும்வரை எல்லாம் நலம். அவர் போய்விட்டால், தாளைப் பார்த்து வேறொருவர் சமைக்க முடியாது.

நம் வீட்டிலேயே இது நடந்தது. நம் தமையனார் 2009 முதல் சில ஆண்டுகள், தம் கித்தாரோடும் அண்ணியாரின் இரண்டாம் குரலோடும் பதினொரு பாடல்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் இங்கு வேண்டா. அது நிறுத்தப்பட்டுவிட்டது, அவ்வளவே. நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது ஒருநாள், "கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்டையெல்லாம் எடுத்து வச்சிடுப்பா" என்றார். எடுக்கிறோம் அண்ணா என்றோம். எடுக்கவில்லை. அவர் இறந்து ஓராண்டு கழிந்தபின் அண்ணியார் பாடல்களைக் கேட்க விரும்பியபோதுதான் பெட்டியைத் திறந்தோம். பழைய கணிப்பொறி உயிர்பெறவில்லை. அதன் வட்டிலிருந்த கோப்புகளைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றினோம். ஆனால் அவற்றைத் திறக்கும் மென்பொருளை அங்கே நிறுவி உயிர்ப்பிக்க இயலவில்லை.

நமக்குக் கிடைத்தவை 'ஆடியோ 17', 'ஆடியோ 42' என்பன போன்ற பெயர்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். எது எந்தப் பாட்டைச் சேர்ந்தது, எந்த வினாடியில் தொடங்குவது என்பதற்கு யாதொரு குறிப்பும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் அண்ணியாரின் நினைவையும் நம் செவிகளையும் துணைக்கொண்டு ஒட்டிப் பார்த்தோம். பதினொன்றில் நான்கு பாடல்கள் தேறின. அவற்றிலும் கீபோர்டு இல்லை. மற்ற ஏழில் அண்ணன் தனியே பாடுவது கேட்கிறது, பக்கத்தில் யாரும் இல்லாதவர்போல. இதில் குற்றம் நம்முடையதே. சொன்ன அன்று ஒரு மாலைப்பொழுது செலவிட்டிருந்தால் பதினொன்றும் வந்திருக்கும்.

எனவே நம் வாசகருக்கு முதல் யோசனை: எதையும் வாங்குமுன், பழைய மென்பொருள் இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தப்பட்ட அந்த இலவசப் பதிப்பு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இணையத்தின் வழியே தன் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. புதுப்பிக்காவிடில் சேமிக்கும் வசதி நின்றுவிடும். அது திறக்காவிட்டாலும் அஞ்ச வேண்டா. புதிய கேக்வாக் சோனாரின் இலவசப் படி பழைய கேக்வாக் கோப்புகளைத் திறக்கும். பேண்ட்லேப்பில் ஒரு கணக்கு மட்டும் வேண்டும். நிரந்தரமாக அதிலேயே தங்குவதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். பாடல்களை வெளியே எடுக்கும் வாசலாக அதை இப்போதே பயன்படுத்திக்கொள்ளலாம்.

எடுப்பது எப்படி? ஒரு பாட்டைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி 'வேவ்' கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். வேவ் என்பது 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் வகுத்த உருவம். இன்று அதைப் படிக்காத பதிவு மென்பொருள் இல்லை எனலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பாட்டின் மூன்றாம் நிமிடத்தில் மட்டுமே ஒலிக்கும் ஒரு புல்லாங்குழல் துண்டாயினும், பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே அதை ஏற்றுமதி செய்ய வேண்டும். முன்பகுதி வெறும் மௌனமாக இருக்கட்டும். அப்போதுதான் எந்த மென்பொருளிலும் எல்லாத் தடங்களையும் இடப்பக்க ஓரத்தில் வரிசையாக வைத்தால் தாமாகவே பொருந்தும். நம்முடைய நூற்றுச் சொச்சத் துண்டுகளுக்கு இல்லாமற்போனது இதுதான். 1997-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த 'பிராட்காஸ்ட் வேவ்' என்ற உருவம் தொடங்கும் நேரத்தையும் தன்னுள் குறித்து வைத்துக்கொள்ளும், அதுவும் நன்று. ஆனால் தொடக்கத்திலிருந்து எடுப்பது குழந்தைக்கும் புரியும் வழி.

கீபோர்டுத் தடங்களை இரண்டு உருவில் எடுக்க வேண்டும். சுரக் குறிப்புகளை மிடிக் கோப்பாக ஒருமுறை. கேட்கும் ஒலியை வேவ் கோப்பாக இன்னொருமுறை. மென்பொருளோடு கூடவே வந்த வாத்திய ஒலிகள் வேறொரு மென்பொருளில் ஒலிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எதிரொலி முதலிய அலங்காரங்களோடு ஒரு படியும், அலங்காரமற்ற வெறுங்குரலாக ஒரு படியும் வைத்துக்கொள்வது சிறப்பு; பத்தாண்டு கழித்து எதிரொலியின் மீது நம் சுவை மாறியிருக்கும், குரலின் மீது மாறாது. பாட்டின் தாளவேகம், சுருதி, பாடியவர் பெயர், நாள் ஆகியவற்றை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். 'ஆடியோ 17' என்று விட்டுவிடாமல் 'மகள் முதற்குரல்' என்று பெயரிடுங்கள்.

இடம் போதுமா என்று கேட்பீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒற்றைத் தடம் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டில் பன்னிரண்டு தடங்கள் என்றால் 520 மெகாபைட் அளவு. ஒரு டெராபைட் வட்டில் இத்தகைய பாடல்கள் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் அடங்கும். பிள்ளைகள் அவ்வளவு பதிந்திருக்க மாட்டார்கள். ஆனால் வட்டு இரண்டாக இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம்.

ஒரு பழைய சச்சரவை முதலில் ஒதுக்கிவிடுவோம். 'அதில் பதிந்தால் ஒலி கனமாக இருக்கும், இதில் பதிந்தால் மெலிந்துவிடும்' என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதிடக் கேட்கிறோம். மென்பொருள் தடங்களைக் கலப்பது வெறும் கூட்டல் கணக்கு. ஒரே தடங்கள், ஒரே ஒலியளவு, ஒரே அமைப்பு என்றால் விடையும் ஒன்றே. வேறுபாடு கூடவரும் வாத்திய ஒலிகளிலும் அலங்காரக் கருவிகளிலும் கைப்பழக்கத்திலும் இருக்கிறது. மைக்கை எங்கே வைத்தோம், மின்விசிறியை நிறுத்தினோமா என்பவை மென்பொருளைவிடப் பெரிய செய்திகள்.

புதிய சோனாரிலேயே தங்கிவிடலாமா? தங்கலாம். பழகிய திரை, பழைய பாடல்கள் அப்படியே திறக்கும். எனினும் இருமுறை முகவரி மாறிய வீடு அது. நம் குடித்தனத்துக்கு மறுபடியும் ஒருநாள் அறிவிப்பு வரலாம் என்ற நினைவோடு தங்க வேண்டும். ஆப்பிள் கணிப்பொறி உள்ள வீடுகளுக்கு 'கராஜ்பேண்ட்' இருக்கிறது. கடிதம் எழுதியவர் வீட்டில் இருப்பது விண்டோஸ் என்பதால் அதைப்பற்றி விரிக்கவில்லை.

'ஆடாசிட்டி' என்ற பெயரை மகள் சொன்னாளாம். அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டோமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகிய இருவர் உருவாக்கி, 2000-இல் வெளிவந்தது. இலவசம், அதன் மூல நிரலும் திறந்த ஏடு. உரிமை கை மாறினாலும், நிரலைப் பிறர் எடுத்துத் தொடரலாம் என்பது பெரிய ஆறுதல். மறையுரையைப் பதிவு செய்ய, ஒலிநாடாவிலிருந்து பழைய பாடல்களை மாற்றி எடுக்க, இரைச்சலைக் குறைக்க இதைவிட எளிதானது வேண்டியதில்லை. ஆனால் கீபோர்டின் மிடிக் குறிப்புகளைப் பதிந்து திருத்தும் வேலைக்கு அது ஏற்றதன்று. இவ்வீட்டில் பாதி வேலை கீபோர்டு. ஆகவே துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முதன்மைக்கு ஆகாது. பால் டேவிஸ் என்பவர் தொடங்கிய 'ஆர்டோர்' என்பதும் திறந்த நிரலுடையதே. ஒலிகளைத் தனி வேவ் கோப்புகளாகவே வைத்துக்கொள்வது அதன் நற்குணம். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

மகன் சொன்ன பெயர் 'ரீப்பர்'. நம் வாக்கும் இதற்கே. ஒரு காலத்தில் கணிப்பொறியில் பாட்டுக் கேட்டவர்கள் எல்லாம் அறிந்திருந்த 'வின்ஆம்ப்' மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் தொடங்கினார். 2005-இல் வெளியுலகுக்கு வந்தது. 60 நாள்கள் முழு ஆற்றலோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பின் வீட்டு உபயோகத்துக்கு உரிமக் கட்டணம் 60 டாலர். அது வாங்கும் பதிப்புக்கும் அடுத்த பெரும் பதிப்புக்கும் செல்லும். உரிமமாக ஒரு சிறு கோப்பைத் தருகிறார்கள். இணையத்திடம் அடிக்கடி அனுமதி கேட்டு நிற்பதில்லை. நிறுவனம் நாளையே கதவடைத்தாலும், நிறுவிய மென்பொருள் அக்கணிப்பொறியில் தொடர்ந்து இயங்கும். அதைவிட நம்மைக் கவர்ந்த செய்தி, அதன் திட்டக்கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பது. கடிதம் எழுதும் சாதாரண மென்பொருளில் திறந்தால் எந்தத் துண்டு எந்த வினாடியில் தொடங்குகிறது என்பதை மனிதக் கண்ணாலேயே படிக்கலாம். சமையற்காரரின் கிறுக்கல் அன்று, அச்செழுத்து. நம் தமையனார் அத்தகைய ஒன்றில் பதிந்திருந்தால் நாம் ஒரு விடுமுறையைத் துண்டுகளோடு கழித்திருக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ரீப்பரோடு வாத்திய ஒலிகள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். வெறும் சமையலறையைக் கொடுத்துப் பாத்திரங்களை நீங்களே கொண்டுவாருங்கள் என்பது போல. இலவச வாத்திய ஒலிகளைத் தேடிச் சேர்க்க ஓரிரு வாரம் ஆகும். திரையின் தோற்றமும் முதல் நாளில் மிரட்டும். பழைய மென்பொருளில் விரல்களுக்குப் பழகிய விசைகளை இதில் நம் விருப்பம்போல் மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி எரிச்சல் அதிலேயே தணியும்.

ஒரு மென்பொருளின் திட்டத்தை இன்னொன்றில் அப்படியே திறக்க ஒரு பொது உருவம் வேண்டாமா என்று தோன்றும். 'டா-புராஜெக்ட்' என்ற பெயரில் 2023-இல் பிட்விக், பிரிசோனஸ் ஆகிய இரு நிறுவனங்கள் அத்தகைய ஒன்றை வெளியிட்டன. க்யூபேஸ் போன்ற சிலவும் பின்னர் அதை ஏற்றன. நல்ல முயற்சி. எல்லாரும் ஏற்கும்வரை வேவ் கோப்புகளையே நம்புவோம்.

அந்த 60 நாள்களில் பிள்ளைகள் புதுப்பாட்டு எதையும் தொடங்க வேண்டா. வெளியே எடுத்த பழைய பாடல் ஒன்றைப் புதிய மென்பொருளில் வைத்து மறுபடியும் கலந்து பார்க்கட்டும். ஒரு குரலைப் புதிதாகச் சேர்க்கட்டும். பிறகு அதை வெளியே எடுத்து, வேறொருவர் வீட்டுக் கணிப்பொறியில் வேறு மென்பொருளில் திறக்கட்டும். நுழைவது எல்லாவற்றிலும் எளிது. வெளியேறுவதைத்தான் சோதிக்க வேண்டும். அதில் தேறாத மென்பொருளுக்கு எவ்வளவு புகழ் இருந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

தந்தையாருக்கு இப்போதைக்கு ஒரே விண்ணப்பம். பணப்பையை மூடி வையுங்கள். இன்றிரவே பிள்ளைகளோடு அமர்ந்து, பட்டியலில் மிகப் பழைய பாட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம் ஆகலாம். தடங்கள் எத்தனை வந்தன, எவை திறக்க மறுத்தன என்பதை நமக்கு எழுதினால், மறுத்தவற்றைப்பற்றி அடுத்த திங்கள் பேசுவோம்.